தொந்தரவு தராத மேசைக் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாக மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. இப்போது சென்னையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். என் மேசைப் பக்கத்தில் இருக்கும் கணினி, 2023 ஜூலையில் ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி நானே அசெம்பிள் செய்தது. அதைப் பார்த்துக்கொள்ள மாதத்துக்கு இருபது நிமிடம் ஆனால் அதிகம். எப்படி என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பராமரிப்பு குறைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தால், நேற்று ராத்திரி விட்ட வரியிலிருந்து வேலை தொடங்க வேண்டும். அவ்வளவுதான். முன்பெல்லாம் ஏதோ ஒரு அப்டேட் போட்டதும் திரை கறுத்துப்போய், மதியம் வரை அதோடு மல்லுக்கட்டிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அப்படிப் போன நேரம் வேலைக்கும் ஆகவில்லை, வீட்டுக்கும் ஆகவில்லை.

இன்னொன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். மதியம் டிஸ்க் செத்துப்போனால், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பழையபடி வேலைக்குத் திரும்ப முடிய வேண்டும். மூன்று வருடம் பிரச்சினையே தராமல் ஓடிவிட்டு, நான்காம் வருடம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் கணினியை நான் நல்ல கணினி என்று சொல்ல மாட்டேன்.

இவற்றில் பெரும்பகுதி, பாகங்களை வாங்கி முதல்முறை நிறுவும் அந்த ஒரு வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அந்த வாரத்தில் அவசரப்படாதீர்கள்.

லேப்டாப் போதாதா?

ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் சரி. பேட்டரி உள்ளேயே இருப்பதால் கரண்ட் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். ஆனால் தினமும் ஒரே நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு மேசைக் கணினிதான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. ஃபேன் போனால் ஃபேன், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போனால் எஸ்எம்பிஎஸ், கடைக்குப் போய் வாங்கி வந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து நாமே மாற்றிவிடலாம். பல புது லேப்டாப்களில் ரேமைக்கூட போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுகிறார்கள்.

என்னென்ன பாகங்கள் போட்டீர்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி சிபியு, பி550 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், ஒரு டெராபைட்டில் இரண்டு எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ். வாங்கும்போதே அந்த சிபியு சந்தைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தெரிந்துதான் வாங்கினேன்.

காரணம் இதுதான். நான் போட்ட லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12, 2023 ஜூன் மாதம் வெளியானது. அதன் கர்னல் (ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி) 6.1, முந்தைய 2022 டிசம்பரில் வந்தது. சிபியு வந்தது 2021-ல். அதாவது கர்னல் எழுதுகிறவர்கள் இந்தச் சிப்பைப் பார்த்து, அதன் பிழைகளைத் திருத்தி முடித்த பிறகுதான் அந்தக் கர்னல் என் கைக்கு வந்தது. லினக்ஸ் போடுகிற எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் விதி, ஹார்டுவேர் எப்போதும் கர்னலைவிட மூத்ததாக இருக்கட்டும். போன மாதம் வந்த மதர்போர்டை வாங்கிவிட்டு, சவுண்டு வரவில்லை, சஸ்பெண்டு ஆகவில்லை என்று அலைகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு விஷயத்தால் தப்பித்திருப்பார்கள்.

இரண்டாவதாகப் பார்த்தது சூடு. இந்தச் சிபியு 65 வாட். சும்மா இருக்கும்போது முழுக் கணினியும் சேர்ந்தே 30 வாட் அளவுதான் இழுக்கிறது. சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தூசி குறைவாக உள்ளே போகும், யுபிஎஸ் அதிக நேரம் தாங்கும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் இந்த வித்தியாசம் கையில் தெரியும். வேகத்தின் கடைசி ஐந்து சதவீதத்துக்காகச் சிப்பை முறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேல்நிலைச் சிப்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்து, கம்பெனி மைக்ரோகோடு (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) திருத்தம் விட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது நினைவிருக்கலாம்.

ரேமையும் அப்படியே வைத்திருக்கிறேன். எக்ஸ்எம்பி போட்டு வேகம் கூட்டுவதில்லை. பாகங்களைப் பூட்டிய முதல் ராத்திரி முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் இயங்குதளமே போட்டேன். ரேமில் ஒரு பிட் தப்பாக இருந்தால், அது மென்பொருள் பிழை மாதிரி வேஷம் போட்டு மாதக்கணக்கில் அலையவைக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வருவது வேண்டவே வேண்டாம்.

தனி கிராபிக்ஸ் கார்டு ஏன் இல்லை?

என் வேலைக்குத் தேவையில்லை. 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, அதன் டிரைவர் கர்னலோடே வருகிறது. என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படியில்லை. கர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்ப பில்டு செய்தாக வேண்டும், அதாவது புதுக் கர்னலுக்கு ஏற்றபடி மறுபடி உருவாக்க வேண்டும். முன்னே சொன்ன கறுத்த திரைகளில் பெரும்பாலானவை அந்த பில்டு பாதியில் நின்றதால் வந்தவை. மெஷின் லேர்னிங் செய்கிறவருக்கு அந்தக் கார்டு இல்லாமல் ஆகாது. அவருக்கு நான் சொல்வது, அதை வேறொரு பெட்டியில் போட்டு நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துங்கள், தினமும் உட்காரும் கணினி தனியாக இருக்கட்டும்.

ஏன் டெபியன்? எல்லாமே பழைய வெர்ஷனாக இருக்குமே?

பழையதாக இருக்கும் என்பதற்காகத்தான். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் முழு ஆதரவு, அப்புறம் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு. இடைப்பட்ட காலத்தில் எதுவும் இடம் மாறாது. இன்று எழுதிய ஸ்கிரிப்ட் அடுத்த வருடமும் ஓடும். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. நான் உடனே பாயவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, தீபாவளி விடுமுறையில் ஒரு மதியம் மாற்றினேன். இந்தக் கணினியின் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய மாற்றம் அதுதான்.

"புதுசாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு" என்று சொல்கிறவர்களிடம் 2024 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துவேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருள் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதன் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டம் போட்டு ஒரு பின்கதவை நுழைத்திருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அந்த வெர்ஷன்கள் அப்போது டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டிருந்தன. நிலையான டெபியன் 12-ல் இருந்தது 5.4. அன்று ராத்திரி நிறையப் பேர் சர்வர் சர்வராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வெர்ஷனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அப்படியென்றால் பழைய வெர்ஷனில் இருக்கும் ஓட்டைகள்?

வெர்ஷன் எண் மாறாவிட்டாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பின்னோக்கி எடுத்து வரப்பட்டு அந்தப் பழைய வெர்ஷனிலேயே சேர்க்கப்படும். அதைத் தானாக நிறுவிக்கொள்ள ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற பொதி (நிறுவத் தயாராக வரும் மென்பொருள் தொகுப்பு) இருக்கிறது. அதைப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் என்று வரையறுத்து வைத்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸும் நீண்டகால ஆதரவு வெர்ஷன்தான்.

வேலைக்குப் புதிய பைத்தான், புதிய நோட்.ஜேஎஸ் எல்லாம் வேண்டுமே?

வேண்டும், ஆனால் இயங்குதளத்துக்குள் வேண்டாம். ஒவ்வொரு ப்ராஜெக்டும் எனக்கு ஒரு தனி கன்டெய்னர், அதாவது இயங்குதளத்தோடு கலக்காமல் ஒதுக்கிய இடம். அதற்கு போட்மேன் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். உள்ளே பைத்தானின் எந்த வெர்ஷன், எந்த டேட்டாபேஸ் என்பதெல்லாம் அந்த ப்ராஜெக்டின் கோப்பிலேயே எழுதியிருக்கும். ப்ராஜெக்ட் முடிந்தால் கன்டெய்னரை அழித்துவிடுவேன், கணினியில் ஒரு சுவடும் மிஞ்சாது.

டெபியன் 12-லிருந்து, சிஸ்டம் பைத்தானில், பைத்தான் பொதிகளை நிறுவும் ‘பிப்’ கொண்டு நேரடியாக எதையாவது போடப் பார்த்தால் அது தடுத்துவிடும். அந்தத் தடையை உடைக்கவும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைத்தான் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். இயங்குதளம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைத்தானைக் கலைத்தால், அது என்றைக்கு எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திரையில் எந்த டெஸ்க்டாப் சூழல்?

எக்ஸ்எஃப்சிஇ. அதன் 4.16, 4.18, 4.20 வெளியீடுகள் 2020, 2022, 2024 டிசம்பர்களில் வந்தன. மூன்றுக்கும் என் கை பழகிய விதத்தில் வித்தியாசமே இல்லை. அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமா?

இல்லவே இல்லை. ஐபஸ், அதோடு எம்17என் பொதி, இரண்டையும் நிறுவினால் தமிழ்99 போன்ற விசைப்பலகைகள் வந்துவிடும். நான் தமிழ்99. இடது கையில் உயிர், வலது கையில் மெய். ‘பக்கம்’ என்று அடிக்கும்போது இரண்டு ககரத்தில் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுவதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ போதும். இந்த அமைப்பும் என் நிறுவல் ஸ்கிரிப்டிலேயே இருப்பதால், புதிதாகப் போட்டாலும் முதல் நாளிலிருந்தே தமிழ் வேலை செய்கிறது.

அது என்ன நிறுவல் ஸ்கிரிப்ட்?

புதிதாக டெபியன் போட்ட கணினியை என் கணினியாக மாற்றும் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஷெல் கோப்பு. எந்தெந்தப் பொதிகள், எந்த அமைப்புகள் என்று இருநூறு வரிக்குள் அடங்கும். மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் வைத்திருக்கிறேன். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: எதையும் கையால் நிறுவக் கூடாது. ஒரு புதுப் பொதி வேண்டுமென்றால் முதலில் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்ப்பேன், ஏன் என்று பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதுவேன், பிறகு ஓட்டுவேன். குறிப்பு எழுத உட்காரும்போதே பாதி ஆசைகள் அடங்கிவிடும்.

கரண்ட் போவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நம் ஊரில் கணினியைக் கெடுப்பதில் முதல் ஆள் மின்சாரம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எர்த்திங். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் கையில் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட, மின்கம்பிகளுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டில் பாதி அளவு, அதாவது 115 வோல்ட் பக்கத்தில், கேபினெட்டிலேயே தங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ யுஎஸ்பி டிஸ்க்கையோ செருகினால் போர்ட் போக வாய்ப்பு உண்டு. நான் முன்பு இருந்த வாடகை வீட்டில் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது, பின்னால் கம்பியே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது யுபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் தனி யுபிஎஸ் வேண்டும். எஸ்எம்பிஎஸ் தன் உள்ளிருப்பை வைத்துத் தாங்குவது சுமார் 16 மில்லி விநாடிதான். இன்வெர்ட்டர் மாறும் நேரம் பல சமயம் அதைத் தாண்டிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவாக இருப்பது நல்லது. ஸ்கொயர் வேவ் கரண்டைப் பல யுபிஎஸ்கள் கரண்டாகவே ஏற்றுக்கொள்ளாமல், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே டக் டக்கென்று மாறிக்கொண்டே இருக்கும்.

யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்காது. அந்த கேபிள் இருந்தால் ‘நட்’ என்ற மென்பொருள் பேட்டரி அளவைப் பார்த்துக்கொண்டே இருந்து, தீரப் போகும்போது கணினியை ஒழுங்காக அணைத்துவிடும். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் இதுதான் காவல்.

அப்புறம் பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே எழும் மதர்போர்டு மென்பொருள்) ஒரு சின்ன அமைப்பு: கரண்ட் திரும்பி வந்தால் கணினி தானாக எழும்பக் கூடாது, அணைந்தே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் வரும்போது ஒரேயடியாக வருவதில்லை, வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் கணினி பாதி எழுந்து விழுவது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் மூன்று வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பிப்போய் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டாம்.

தூசி, எறும்பு, பல்லி?

கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு அடி உயர ஸ்டூல் போதும், பெருக்கும்போது கிளம்பும் தூசி பெருமளவு குறையும். பின்பக்கம் ஸ்லாட் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்திருக்கும் ஓட்டை பல்லிக்குக் கதகதப்பான வீடு. மேசையில் முறுக்கு, மிக்சர் வைப்பதை நான் விட்டுவிட்டேன், எறும்பு அதற்குப் பிறகு வரவில்லை. புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

பேக்கப் எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். என் பேக்கப் டிஸ்க் இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன, இரண்டுமே மேசையின் கீழ் டிராயரில். ராத்திரி தண்ணீர் ஏறியபோது பெரியவர்களையும் குழந்தையையும் மாடிக்கு அழைத்துப் போகத்தான் நேரம் இருந்தது. மகள் பிறந்த வருடத்தின் படங்களில் மீண்டு வந்தவை, ஊரில் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சில மட்டுமே. பேக்கப் இருப்பது போதாது, இடமும் வேறாக இருக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது மூன்று பிரதிகள். கணினியில் ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, வெளியூரில் இருக்கும் ஒரு சர்வருக்கு ஒன்று. இரண்டையும் ரெஸ்டிக் என்ற மென்பொருள் செய்கிறது. வீட்டைவிட்டு வெளியே போகும் முன்பே எல்லாவற்றையும் பூட்டிவிடும், மாறியதை மட்டும் அனுப்பும் என்பதால் வேகமாகவும் முடியும். இது தவிர, திருநெல்வேலியில் அம்மா வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க். பொங்கலுக்குப் போகும்போது புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவேன்.

எடுத்த பேக்கப் திரும்பி வருகிறதா என்று சோதிக்காதவரை அதை நம்ப முடியாது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று காலை சோதிக்கிறேன். கணினியைத் திறந்து துடைப்பது எப்படியும் அன்றைக்குத்தான். அப்போதே மேஜை டிராயரில் இருக்கும் உபரி எஸ்எஸ்டியைப் பூட்டி, டெபியன் போட்டு, ஸ்கிரிப்டை ஓட்டி, வெளியூர் சர்வரிலிருந்து முக்கியமான கோப்புகளை மட்டும் இறக்கி, ஒரு ப்ராஜெக்டை பில்டு செய்து பார்ப்பேன். போன முறை இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. அது முடிந்த பிறகுதான் கேபினெட்டுக்கு சந்தனமும் குங்குமமும்.

இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டில் (இரண்டிலும் ஒரே தகவலை எழுதும் முறை) போட்டால் பேக்கப் எதற்கு?

தவறி ஒரு கோப்புறையை அழித்தால் ரெய்டு அதை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிக்கும். ரெய்டு டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் மருந்து.

மாதத்துக்கு இருபது நிமிடம் என்றீர்களே, அதில் என்ன செய்கிறீர்கள்?

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. டிஸ்க்குகள் தங்கள் நிலையைத் தாங்களே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்க்கிறேன், எஸ்எஸ்டியின் தேய்மானம் எத்தனை சதவீதம், பிழை ஏதாவது கூடியிருக்கிறதா என்று. நேற்றைய பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்க்கிறேன். மிச்ச அப்டேட்களைப் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்கிறேன். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓடவிடுகிறேன். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

விண்டோஸில் இதெல்லாம் முடியாதா?

பேக்கப், யுபிஎஸ், எர்த்திங் எல்லாம் அங்கேயும் அப்படியேதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் சிபியுவும் இல்லாததால், நன்றாக ஓடும் பல கணினிகள் அதிகாரபூர்வமாக மாற முடியாமல் நிற்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எஸ்எஸ்டி ஒன்றை மாற்றி டெபியன் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருடம் தாராளமாக வரும். அக்கவுண்ட்ஸ் மென்பொருளுக்கோ வேறு காரணத்துக்கோ விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அதிலேயே இருங்கள்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் மனைவி. டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்திருக்கிறது. பாஸ்வேர்ட் என் தலையில் மட்டும் இருந்தால், எனக்கு ஏதாவது ஆனால் குடும்பப் படங்களும் பத்திரங்களின் ஸ்கேனும் யாருக்கும் கிடைக்காது. அதனால் ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: யுபிஎஸ் கத்தினால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், வெளிப்புற டிஸ்க் எங்கே இருக்கிறது, படங்களைத் திறக்க என்ன செய்ய வேண்டும், உதவிக்கு எந்த நண்பரைக் கூப்பிட வேண்டும். கணினி திறக்கும் பாஸ்வேர்டும் ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டும் தனி உறையில், நகைப் பெட்டியோடு வங்கி லாக்கரில் இருக்கின்றன. போன ஆயுத பூஜைக்கு, நான் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொள்ள, அந்தத் தாளை மட்டும் பார்த்து மகள் படங்களைத் திறந்தாள். மூன்றாவது வரி புரியவில்லை என்றாள், அதைத் திருத்தி எழுதினேன்.